பாதாளத்தில் ஒரு கண்ணாமூச்சி!

திருத்தணி முருகன் கோயிலோட 365 படிகள்ல பாதி ஏறினதும் மூச்சு வாங்க உட்காருவீங்கதானே? அடுத்த முறை அப்படி உட்காரும்போது உள்ளங்கையை வானம் பார்த்து விரிச்சு வைங்க. விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைச்சுட்டுப் போகும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் பிறக்கிற துகள் இது. வலிக்காது, தெரியவும் தெரியாது!

மியூவான் நமக்குத் தெரிஞ்ச ஆள்தான். எலெக்ட்ரான், குவார்க் என 17 துகள்கள் கொண்ட 'ஸ்டாண்டர்டு மாடல்' பட்டியலில் அதுவும் ஒண்ணு. 2012-ல் ஹிக்ஸ் துகள் கிடைத்ததும் பட்டியல் நிரம்பிடுச்சு. ஆனா, கதை முடியலை. பிரபஞ்சத்தில் நாம் அறிந்த பொருளைப் போல சுமார் ஐந்து மடங்கு 'கரும்பொருள்' இருக்கு. அதன் ஈர்ப்பு தெரியுது. அது எந்தத் துகள்? பட்டியல்ல அப்படி ஆளே இல்லை!

ஒளிஞ்சிருக்கிற ஆளை எங்கே தேடுறது? ஆடிக்கிருத்திகைக் கூட்டத்துல ஒருத்தர் முணுமுணுக்கிறது காதுல விழுமா? மேலே மியூவான் கூட்டமும் அப்படித்தான். அதை வடிகட்டப் பாறை வேணும். ஆழமான பாறை!

அது கிடைத்த இடம், உங்க ஊருக்கு மேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள கோலார் தங்கவயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம். 1960-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் அங்கே 2,760 மீட்டர் ஆழத்தில் கருவி வெச்சாங்க. 2 மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரலை. சோர்ந்து போகலை, குஷியாயிட்டாங்க! இவ்வளவு அமைதின்னா, எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைப் பிடிக்கலாமே? பிடிச்சாங்க. காஸ்மிக் கதிர்களால் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965-ல் உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் கோலார் குழுவும் உண்டு.

அப்புறம்தான் ட்விஸ்ட். சில பதிவுகளில் பல தடங்கள் ஒரே புள்ளியில் கூடின. அந்தப் புள்ளி பாறையில் இல்லை. பாறைக்கும் கருவிக்கும் நடுவே, காற்றில்! நியூட்ரினோ காற்றில் மோத வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அப்படின்னா, ஏதோ புதிய துகள் வழியில் சிதைஞ்சதா? எம்.ஜி.கே.மேனன், வி.எஸ்.நரசிம்மம் உள்ளிட்ட இந்திய-ஜப்பானியக் குழு 1975-ல் இப்படித்தான் கேட்டது. வெளிநாட்டு ஆக்சிலரேட்டர்களில் தேடினாங்க, சிக்கலை. 2014-ல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என்.மூர்த்தியும் ஜி.ராஜசேகரனும் பழைய ஃபைலைத் தூசி தட்டினாங்க. 'அது சிதையும் கரும்பொருளா இருக்குமோ?' என்பது அவங்க கேள்வி.

நாலைந்து பதிவுகளை வெச்சு எதையும் சாதிச்சுட முடியாது. திரும்பவும் பார்க்கணும். ஆனா, சுரங்கம் 2001-ல் மூடப்பட்டு, தண்ணீர் நிரம்பிடுச்சு. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அரசு ஓகே சொன்னது. மலையும் தண்ணீரும் என்னாகும்னு ஊர் மக்கள் எதிர்த்தாங்க. 'அனுமதிக்கக் கூடாது' என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 2017-ல் ஓர் ஆய்வகம் திறந்தாங்க. கரும்பொருளைத் தேடத்தான். ஆழம் சுமார் 550 மீட்டர். கோலாரில் ஐந்தில் ஒரு பங்கு!

பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிறீங்களா? 'ஜெஸ்ட்' நுழைவுத் தேர்வை எழுதிப் பாருங்க. தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு அதுவும் ஒரு வாசல். கோலார் கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் மார்க் வாங்கலை. விடைத்தாள் காலியாத்தான் இருக்கு பாஸ்!