அட்டை பழையது, தறி புதியது!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தறியின் மேல் ஜக்கார்டு என்னும் பெட்டி இருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்கும். 1804-இல் பிரான்சு நாட்டில் ஜோசப் மாரி ஜக்கார் அமைத்த இயந்திரத்தின் வழிவந்தது இது. குறுக்கே ஓடும் ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்துக்குரிய கொக்கி மேலே எழும். அதனுடன் சேர்ந்த பாவு நூல்களும் எழும். துளை இல்லாவிடில் எழா. சேலைக் கரையில் மயிலும் அன்னமும் இப்படித்தான் பிறக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அட்டைக்கு மயிலைத் தெரியாது. 'பதினேழாவது கொக்கி' என்ற இடம் மட்டுமே தெரியும். அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, கொக்கிகளில் நூல் கோத்த வரிசையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? தறி கட்டளைப்படியே நெய்யும். ஆனால் மயில் வராது!

கணிப்பொறியிலும் இதே சங்கடம் உண்டு. விஞ்ஞானக் கணக்குகளுக்குப் பலரும் பயன்படுத்தும் மொழி பைத்தான். எழுத எளிது, ஆனால் ஓடும்போதே ஒவ்வொரு கட்டளைக்கும் பொருள் கண்டு செய்வதால் வேகம் குறைவு. ஆகவே கடினமான பகுதிகளை 'சி' போன்ற மொழியில் எழுதி, முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். இவற்றைத் தொகுக்கப்பட்ட இணைப்பு நிரல்கள் என்பர். இவை துளையிட்டு முடித்த அட்டைகளைப் போன்றவை. எந்த விவரம் நினைவகத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்பது தொகுக்கும்போதே நிலைத்துவிடுகிறது.

பைத்தானில் எண் அட்டவணைகளைக் கையாளும் மென்பொருள் நம்பை. 2006-இல் வந்த அதன் முதற்பதிப்புக்குப் பின், 2024 ஜூன் மாதத்தில் இரண்டாம் பெரும்பதிப்பு வெளிவந்தது. அதில் உள்ளமைப்பு மாறியது. 'ஓர் எண்ணுக்கு எத்தனை பைட்?' என்பது போன்ற குறிப்புகள் இருந்த இடமே மாறிவிட்டது. பழைய பதிப்புக்காகத் தொகுத்த இணைப்பு நிரல்கள் புதியதில் ஓடினால் நின்றுபோகலாம் என்று எச்சரிக்கை தர வேண்டியதாயிற்று.

ஏன் நின்றுபோக வேண்டும்? ஓர் எளிய கணக்குப் போடுவோம். அட்டவணையில் 1000 எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் 4000 பைட். நிரலோ எண்ணுக்கு 8 பைட் என்று நம்புகிறது. அது 500 எண்களைப் படித்ததுமே அட்டவணை முடிந்துவிடும். 501-ஆம் எண்ணுக்காக அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்கும்! அந்த இடம் இந்த நிரலுக்கு ஒதுக்கப்படாததாக இருந்தால், கணிப்பொறியின் இயக்க அமைப்பு உடனே அதை நிறுத்திவிடும்.

நின்றுவிட்டதே என்று வருந்தாதீர்கள். எல்லை தாண்டிய இடமும் இதே நிரலுக்கு உரியதாக இருந்துவிட்டால், யாரும் தடுக்க மாட்டார்கள். நிரல் ஓடி முடிந்து, ஒரு தவறான விடையை அமைதியாகத் தரும். அது பாலத்தின் பளுக் கணக்காக இருந்தால்? நூல் அறுந்து தறி நின்றால் நெசவாளர் அப்பொழுதே முடிந்துவிடுவார். பூ பிசகியது பல முழம் நெய்த பிறகு தெரிந்தால், அத்தனை பட்டும் வீண்.

பரிகாரம் எளிது. தறிக்கு ஏற்பப் புதிய அட்டை குத்துவதுபோல, புதிய பதிப்புக்கு ஏற்ப இணைப்பு நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும். விடை தெரிந்த ஒரு சிறு கணக்கைக் கொடுத்தும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. எண்ணுக்கு 8 பைட் கொண்ட 1000 எண்களை, எண்ணுக்கு 4 பைட் என்று நம்பும் நிரல் படிக்கிறது. அது நிற்குமா, நிற்காதா? நாம் பார்த்த கணக்கோடு ஒப்பிட்டால், இரண்டில் எது அதிக ஆபத்தானது? தாளில் கட்டங்கள் வரைந்து நீங்களே கண்டுபிடியுங்கள்.