மார்கழி குளிரில் ஏற்காடு, கொல்லிமலைக்கு பைக் ரைடா? ஸ்வெட்டர் மட்டும் போதாது... ஏன் தெரியுமா?

மார்கழி, தை வந்தாலே சேலம், நாமக்கல் பக்கம் விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புபவர்கள் அதிகம். வெயிலுக்குப் பழகிய ஊர் என்பதால், குளிருக்கென்று தனி உடை பலரிடம் இருக்காது. ஒரு ஸ்வெட்டரோடு புறப்பட்டால், பாதி மலை ஏறுவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். சமாளிச்சுக்கலாம் என்று விட முடியாது. ஏனென்றால், பிரேக் பிடிக்க வேண்டிய விரல்கள் அவை.

மேலே எவ்வளவு குளிரும்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியென்றால் சேலத்தில் 18 டிகிரி இருக்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் சுமார் 10 டிகிரிதான்.

பைக்கில் போனால் ஏன் கூடுதலாகக் குளிருது?

நம் உடம்பைச் சுற்றி மெல்லிய சூடான காற்று அடுக்கு ஒன்று இருக்கும். வண்டி வேகமெடுத்ததும் எதிர்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். 10 டிகிரி குளிரில் 40 கி.மீ. வேகத்தில் காற்று மோதினால், தோலுக்கு அது சுமார் 6 டிகிரி போலத் தெரியும்.

வல்வில் ஓரி காலத்தில் குதிரை, இப்போது பைக். குதிரையில் போகிறவருக்கு அதன் உடல் சூடு காலுக்குக் கிடைக்கும், உடம்பும் அசைந்துகொண்டே இருக்கும். பைக்கில் இரண்டுமே கிடையாது.

விரல் மரத்தால் என்ன ஆபத்து?

குளிர் அதிகமானால் நெஞ்சு, வயிற்றுப் பகுதியைக் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு குறைத்துக்கொள்ளும். விரல் மெதுவாகத்தான் மடங்கும். 30 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் ஒரு விநாடி தாமதம்கூட பெரிய விஷயம்தான்.

என்ன போட்டுக்கணும்?

* உள்ளே வியர்வையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும் பனியன், நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்று புகாத ஜாக்கெட். ஸ்வெட்டர் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும் என்பதால் வெளி அடுக்குதான் முக்கியம்.
* ஜாக்கெட் இல்லையா? மழைக்கோட்டே போதும். அவசரத்துக்கு, சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் நியூஸ் பேப்பரை மடித்து வைத்தாலும் காற்று தடுக்கும்.
* கையுறை கட்டாயம். ஆனால் இறுக்கமாக இருக்கக் கூடாது, ரத்த ஓட்டம் குறையும். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பதும் அப்படித்தான்.
* சால்வை, துப்பட்டா, மஃப்ளர் எதையும் தொங்கவிடாதீங்க. சக்கரத்தில் சிக்கும்.
* குழந்தையை முன்னால் உட்கார வைக்காதீங்க. காற்று முழுக்க அதன் மேல்தான் மோதும், குழந்தைகளின் உடல் சூடும் சீக்கிரம் இறங்கும்.

வழியில் என்ன செய்யலாம்?

விரல் மரக்க ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டுங்க. கைகளை வீசி ஆட்டுங்க, அக்குளில் வைத்துச் சூடேற்றுங்க. மரத்த கையை நெருப்பில் காட்டாதீங்க, சுடுவதே தெரியாது. சூடான டீ நல்லது. 'ஒரு பெக் போட்டா சூடாகும்' என்பது தவறு. மது தோலுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்பும், சூடு வெளியே போய்விடும். அதோடு வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

நடுக்கம் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்க.

எப்போது இறங்கலாம்?

இறங்கும்போதுதான் பிரேக்குக்கு வேலை அதிகம். அதனால் இருட்டும் முன்பே, மூடுபனி இல்லாத நேரத்தில், குறைந்த கியரில் இறங்குங்க. கிளம்பும் முன் பிரேக் லீவரை நாலு முறை அழுத்திப் பாருங்க. விரல் சட்டென்று மடங்கவில்லை என்றால், இன்னொரு டீ குடித்துவிட்டே கிளம்பலாம்.