கடன் ஏட்டில் உங்கள் பேர் இருக்கிறதா?



"எந்த பேங்கிலும் பத்துப் பைசா கடன் வாங்கினது கிடையாது. அப்படியிருந்தும் எனக்குக் கடன் தர ஏன் யோசிக்கிறாங்க?" என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேங்க் பார்க்கிற கணக்கு வேறு. முன்னே வாங்கிய கடனைத் தவணைப்படி கட்டினாரா என்றுதான் அது பார்க்கிறது. ஊர்க்காரரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடனை, வட்டியும் முதலுமாக நீங்கள் தீர்த்திருக்கலாம். அந்த நாணயம் ஊருக்குத் தெரியும், ஏட்டில் ஏறாது.

அது என்ன ஏடு?

பேங்குகளும் கடன் கம்பெனிகளும் தருகிற விவரங்களைச் சேர்த்து வைக்க, நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்பவை அவை. சிபில் 2000ல் தொடங்கியது. அந்தப் பேரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு மார்க் கூடும். 300லிருந்து 900 வரை மார்க் உண்டு. கடனே வாங்காதவருக்கு மார்க் குறைவு என்பதில்லை, மார்க்கே இருக்காது. பழைய பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் தடவை கேட்பவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் பேங்க் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இதை மேனேஜரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இதனால் என்ன லாபம்?

வெளியே நூற்றுக்கு மாதம் மூணு வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் வருஷ வட்டி 36,000 ரூபாய். அதே பணத்தைக் கிசான் கிரெடிட் கார்டில் பயிர்க்கடனாக வாங்கினால் வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4,000 ரூபாய்தான். பாக்கி 32,000 ரூபாய் உங்கள் வீட்டில் நிற்கும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய்க் கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களும் கேட்கலாம். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு நிலத்தை ஈடு வைக்கத் தேவையில்லை. முதல் வருஷம் கிடைக்கிறதே என்று முழுத்தொகையையும் வாங்காதீர்கள். அறுவடையில் அடைக்க முடிகிற அளவு போதும்.

பேங்கில் வைக்கிற நகைக்கடனும் பதிவாகும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவதும் நல்ல கடன்தான். ஆனால் அந்தக் கணக்கு இந்த ஏட்டுக்குப் போகிறதா என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதில் கவனம் வேண்டும்?

தவணைத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். தள்ளுபடி வரும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கட்டாமல் இருந்தால், 3 சதவீதச் சலுகையும் போகும், பேரும் கெடும். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போய்விட்டால் ஒளிந்து கொள்ளாதீர்கள். தவணை நாளுக்கு முன்பே பேங்குக்குப் போய், தவணையை மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

பங்காளிக்கோ சம்பந்திக்கோ ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்கள் பேரும் சேர்ந்து அடிபடும்.

ஏட்டைப் பார்க்க முடியுமா?

முடியும். நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். படித்த பிள்ளைகளை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பேரில் இருக்கலாம். அடைத்த கடன் பாக்கி என்று நிற்கலாம். உடனே எழுதிப் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மோட்டார் காயில் எரிந்து, பயிர் காய்கிற அன்றைக்குப் போய்ப் பதிவு தேட முடியாது. நாற்றங்கால் போடாதவர் நடவு அன்றைக்கு நாற்றுக்கு எங்கே போவார்? ஆகவே கைமுடை இல்லாத இந்த நாளிலேயே சின்னதாகத் தொடங்கி, ஒழுங்காகக் கட்டி வாருங்கள்.