படகை மூழ்கடிக்கும் ரப்பர் மடிப்பு

மாணவர்களே, பழைய சைக்கிள் டயரை வளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய வெடிப்புகள் தெரியும். அதே வெடிப்பு ஒரு படகின் பின்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே விழுந்தால்?

'ஸ்டெர்ன் டிரைவ்' படகில் இயந்திரம் உள்ளேயும் உந்துவிசிறி வெளியேயும் இருக்கும். வோல்வோ பெண்டா 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. கியர் மாற்றும் கேபிள் பின்சுவரைத் துளைத்துச் செல்கிறது. அங்கே நீரைத் தடுப்பது ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்த ஒரு ரப்பர் குழாய்தான்.

காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கும். இழுபட்ட மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 30 செ.மீ. ஆழத்தில் நீரழுத்தம் சுமார் 3 கிலோபாஸ்கல். குறைவுதான். ஆனாலும் 1 சதுர மில்லிமீட்டர் துளை வழியே தடையின்றி நீர் புகுந்தால் மணிக்கு ஏறக்குறைய 9 லிட்டர்! கட்டிப்போட்ட படகில், நீரிறைக்கும் பம்பின் பேட்டரி தீர்ந்துவிட்டால் யார் கவனிப்பார்?

"டேப் ஒட்டினால் போதாதா, சார்?" என்றான் என் மாணவன் ஒருவன். போதாது. படகு திரும்பும்போதெல்லாம் அந்த மடிப்பும் சேர்ந்து வளையும்.

படகைக் கரையேற்றி, வெளிப்புற டிரைவைக் கழற்றி, பழைய ரப்பரை நீக்க வேண்டும். பொருத்தும் உலோக விளிம்பில் உப்புப் படிவு மிஞ்சினால் புதிய ரப்பரும் ஒழுகும். பளிச்சென்று சுரண்டிவிட்டே கிளாம்பை இறுக்க வேண்டும். கழற்றிய கையோடு பக்கத்திலுள்ள மற்ற ரப்பர் துருத்திகளையும் மாற்றிவிடலாம். அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்காது.