சேமிப்பும் அமானிதமும்

வளரும் நாடுகளில் குடும்பங்களின் சேமிப்பை வருமானம் ஒன்றே தீர்மானிப்பதில்லை. மலாயாவின் கிராமப்புற முஸ்லிம்கள் இதற்குச் சான்று. ஹஜ் கடமைக்காக அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தனர்; ஆயினும் வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாது, பணத்தை வீட்டிலேயே வைத்திருந்தனர். போதாதபோது நிலத்தையும் கால்நடையையும் விற்றுப் பயணமான பலர், ஹாஜியாகத் திரும்பியபின் வறுமையில் வாடினர். இந்நிலையை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ், 1959இல் வட்டி கலவாத சேமிப்புத் திட்டமொன்றை முன்வைத்தார். அதன் பயனாக 1963இல் தொடங்கிய நிறுவனமே இன்று மலேசியாவில் 'தாபுங் ஹாஜி' எனப்படுகிறது. ஷரீஅத் அனுமதித்த தொழில்களில் முதலிட்டு, ஈட்டும் இலாபத்தைச் சேமிப்போருக்கு அது பகிர்ந்தளிக்கிறது. சேமிக்கும் எண்ணம் அம்மக்களிடம் முன்பே இருந்தது. மார்க்கத்திற்கு முரணாகாத, நம்பி ஒப்படைக்கத்தக்க இடமே இல்லாதிருந்தது. சிக்கனத்தைப் போதிப்பதோடு நில்லாமல், அமானிதம் பேணும் அத்தகைய இடத்தை அமைத்துத் தருவதும் சமுதாயத்தின் கடமையாகும்.