நீண்ட வீட்டாரின் சபை

ஒரு ஜனசமூகத்தைச் சுயாட்சிக்குத் தகுதியற்றதென்று பிறர் தீர்மானிப்பது சரித்திரத்தில் புதிய காரியமன்று. அவ்விதம் தீர்மானித்தவர்கள், அந்த ஜனங்கள் தங்களைத் தாங்களே எங்ஙனம் ஆண்டு வந்தனர் என்று முதலில் விசாரித்தார்களா என்பதே கேள்வி. இன்று நியூயார்க் மாகாணம் எனப்படும் பிரதேசத்தில், வெள்ளையர் குடியேறுவதற்கு முன்பே ஐந்து இனங்கள் கூடி ஓர் ஐக்கியத்தை அமைத்தன. அதன் வரலாற்றை நாம் எடுத்துரைக்க முற்படுவது இக்கேள்வியை முன்னிட்டே.

மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்பன அவ்வைந்து இனங்கள். பிரெஞ்சுக்காரர் இவர்களை இரோக்குவாய் என்றனர். இவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரோ ஹோடனோஷோனி. நீண்ட வீட்டைக் கட்டுவோர் என்பது பொருள். ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் தத்தம் அடுப்புடன் வாழ்ந்த மரப்பட்டை வீடே இவர்களுடைய அரசுக்கும் உருவகமாயிற்று. கீழ்வாயிலை மோஹாக்குகளும் மேல்வாயிலைச் செனெகாக்களும் காத்தனர். நடுவே ஒனொண்டாகாவில் சபையின் நெருப்பு எரிந்தது. 1722-ஆம் வருஷத்தை ஒட்டி, தெற்கிலிருந்து வந்த டஸ்கரோரா இனத்தார் ஆறாமவராகச் சேர்ந்தனர்.

ஐக்கியம் பிறந்த காலத்தைச் சிலர் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்கின்றனர். வேறு சிலர் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகள் என்கின்றனர். அது பிறந்த விதம் பற்றி இவர்களுடைய ஐதிகம் தெளிவாகப் பேசுகிறது. கொலைக்குக் கொலை என்று ஐந்து இனங்களும் அழிந்துகொண்டிருந்த காலத்தில், சமாதானத்தை நிலைநாட்ட வந்த பெரியார் ஒருவரும் அவருடைய துணைவர் ஹயவாத்தாவும் ஊர் ஊராகச் சென்று இணக்கம் தேடினர். தடொடாஹோ என்னும் கொடிய தலைவன் ஒருவனே கடைசிவரை எதிர்த்து நின்றான். அவனை அவர்கள் கொல்லவில்லை. மனம் மாற்றி, சபையின் முதல் ஆசனத்தையே அவனுக்கு அளித்தனர். பின்னர் ஒரு தேவதாரு மரத்தின் அடியில் ஆயுதங்களைப் புதைத்தனர் என்பது ஐதிகம்.

சபையின் அமைப்பைக் கவனிப்போம். மொத்தம் 50 ஆசனங்கள்: ஒனொண்டாகாவுக்கு 14, கயூகாவுக்கு 10, மோஹாக்குக்கும் ஒனைடாவுக்கும் ஒன்பது ஒன்பது, செனெகாவுக்கு 8. ஜனத்தொகையில் மிகுந்த செனெகாக்களுக்கே ஆசனங்கள் மிகக் குறைவு. ஆயினும் அதைப் பற்றி எவரும் வருந்த வேண்டியதில்லை. ஏனெனில் அங்கே தலைகளை எண்ணி முடிவு செய்யும் வழக்கமே கிடையாது. மூத்த சகோதரர்களான மோஹாக்குகளும் செனெகாக்களும் முதலில் விஷயத்தை ஆலோசிப்பர். பிறகு அது நெருப்பின் மறுபுறத்திலுள்ள இளைய சகோதரர்களான ஒனைடாக்களிடமும் கயூகாக்களிடமும் செல்லும். இரு தரப்பும் இணங்கினால் ஒனொண்டாகர் உறுதி செய்வர். முடிவு தாமதப்படலாம்; ஆனால் சிறிய இனத்தைப் பெரிய இனம் வாக்குகளால் அமிழ்த்திவிட இயலாது.

தலைவர்களை நியமிப்பவர்கள் ஸ்திரீகள். ஒவ்வொரு குலத்தின் தாயும் தன் குலத்தாரைக் கலந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பாள். அவர் நெறி தவறினால் மும்முறை எச்சரிப்பாள். அதன் பின்னும் திருந்தாவிடில் பதவிச் சின்னமாகிய மான் கொம்பைப் பறித்துவிடுவாள். இங்கிலாந்தில் ஸ்திரீகள் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற காலத்துக்குப் பல தலைமுறைகள் முன்பே நிலவிய ஏற்பாடு இது.

இந்த ஐக்கியம் குற்றமற்றது என்று நாம் கூறவில்லை. வீட்டுக்குள் சமாதானம் கண்டவர்கள் வெளியாருடன் கொடும் போர்கள் புரிந்தனர். 1649-இல் ஹியூரான் கூட்டத்தைச் சிதறடித்தவர்கள் இவர்களே. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்தபோது எப்பக்கம் சேர்வதென்று இவர்களால் ஒருமனப்பட இயலவில்லை. 1777-இல் ஒனொண்டாகாவின் நெருப்பு அவிக்கப்பட்டது. ஒனைடாக்களிலும் டஸ்கரோராக்களிலும் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கமும், மற்றவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் பக்கமும் நின்றனர். 1779-இல் வாஷிங்டன் அனுப்பிய சேனை நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களையும் அவற்றின் சோள வயல்களையும் தீக்கிரையாக்கியது. 1744-இல் லங்காஸ்டரில், எங்களைப் போல் ஒன்றுபடுங்கள் என்று அதே குடியேற்ற நாடுகளுக்குப் புத்தி கூறியவர் ஒனொண்டாகத் தலைவர் கனசடேகோ. பிறர் மூட்டிய சண்டையில் அந்தப் புத்திமதி சொந்த வீட்டுக்கே உதவாமற் போயிற்று.

ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களுக்கு 1784-இல் கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் நிலம் அளிக்கப்பட்டது. சபையின் நெருப்பு அங்கும் மூட்டப்பட்டது. கனடா அரசாங்கம் அதன் அதிகாரத்தில் தலையிடவே, கயூகாத் தலைவர் டெஸ்காஹே தம் ஜனங்களே வழங்கிய பிரயாணச் சீட்டுடன் 1923-இல் ஜினீவாவிலிருந்த சர்வதேச சங்கத்தை நாடினார். அயர்லாந்து, பாரசீகம், பனாமா, எஸ்தோனியா ஆகிய நாடுகள் அவருக்காகப் பேசியும், பிரிட்டனின் எதிர்ப்பால் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. 1924-இல் கனடா அரசாங்கம் பழைய சபையைக் கலைத்தது. போலீசார் சபையின் மணிப்பட்டைகளைக் கைப்பற்றினர். டெஸ்காஹே ஊர் திரும்பாமலே 1925-இல் காலமானார்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஜனநாயகம்! பரம்பரைத் தலைவர்களுக்குப் பதிலாகத் தேர்தல் சபை நிறுவப்பட்டது. அத்தேர்தலில் ஸ்திரீகளுக்கு வாக்கில்லை. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. தலைவர்களை ஆக்கவும் நீக்கவும் அதிகாரம் பெற்றிருந்த தாய்மார்கள், ஜனநாயகத்தின் பெயரால் வாய்பேசாதவர்களாக்கப்பட்டனர். மாறுதலை விரும்பியவர்கள் அந்த ஜனங்களுக்குள்ளும் இருந்தனர் என்பது மெய்யே. ஆனால் அந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய இடம் அவர்களுடைய நெருப்பின் அருகேயன்றி ஒட்டாவா நகரத்து அலுவலகமன்று.

1988-இல் அமெரிக்கக் காங்கிரஸ், தன் குடியரசின் வளர்ச்சிக்கு இந்த ஐக்கியம் அளித்த உதவியை ஒரு தீர்மானத்தால் ஒப்புக்கொண்டது. ஒனொண்டாகாவில் இன்றும் குலத்தாய்மார் தலைவர்களை நியமிக்கின்றனர், சபை கூடுகிறது. ஓர் அரசியல் முறை சிறந்ததா, தாழ்ந்ததா என்பது வாதத்துக்குரிய விஷயம். அதை மாற்றும் உரிமை யாருக்கு என்பதில் வாதமில்லை. அதன் கீழ் வாழ்பவர்களுக்கே அவ்வுரிமை. எத்தனை நல்ல பெயரைச் சூட்டி வந்தாலும் பிறருக்கு இல்லை.