ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்னும் காவல்காரன்

கம்ப்யூட்டரில் மெமரி, டிஸ்க், பிரிண்டர் எதையும் புரோகிராம்கள் நேரடியாகத் தொட முடியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பதும் அதன் வேலை. அந்தக் காவலில் ஓட்டை விழுந்தால்?

விண்டோஸில் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு, 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாஃப்ட் 'பேட்ச்' வெளியிட்டது. பஞ்சர் ஒட்டுவது மாதிரிதான்! பலர் போடவில்லை. 59 நாள் கழித்து, மே 12-ல் 'வானாக்ரை' கிளம்பியது. யாரும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாகப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் பாதிப்பு. நம் ஒரகடம் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை.

நாளை ஓசூரிலோ போச்சம்பள்ளி சிப்காட்டிலோ ஒரு கம்ப்யூட்டர் நம்ம பொறுப்பில் வரும். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அப்டேட்?" என்று கேட்பார்கள். அந்த 59 நாளைச் சொல்லுங்கள்!